எச்சரிக்கை எந்த மொழியில்? – கஞ்சாச் சட்டமும் கொங்கு இளைஞரும்

சித்த மருத்துவம் தமிழனின் மருத்துவம். அம்மருத்துவ நூல்கள் தமிழில் உள்ளன. மருந்தைச் செய்கின்றவன் தமிழன். அதனை வாங்கி உண்ணும் நோயாளியும் பெரும்பாலும் தமிழனே. அத்தகைய சித்த மருந்து ஒன்றில் கஞ்சா சேர்க்கப்பெறுமாயின், 'மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளத் தக்கது' என்னும் எச்சரிக்கையை அம்மருந்துக் குப்பியின்மேல் பொறித்தாக வேண்டும் என்பது, 1945-ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப்பொருள் விதிகளுள் 161-ஆம் விதியாகும். அவ்விதிகளோடு சேர்ந்த நஞ்சுப் பொருட் பட்டியலில், சித்த மருத்துவம் என்னும் தலைப்பின்கீழ், எட்டியும் அபினியும் நிற்கும் வரிசையில் கஞ்சாவும் நிற்கின்றது. விதி நல்ல விதியே. ஆனால் அவ்வெச்சரிக்கை எந்த மொழியில் இருத்தல் வேண்டும் என்பதையும் அவ்விதியே கூறிவிடுகின்றது. ஆங்கிலத்தில், இந்தியில்! தமிழ் என்னும் பெயர் அங்கு இல்லை.

தமிழ் மருந்துக்குத் தமிழில் எச்சரிக்கை வேண்டா என்று எழுதிய கைகளே, கஞ்சாவைப் பற்றிய பிற சட்டங்களையும் எழுதின. அதனாற்றான் கஞ்சா விற்பவன் நம் தெருவில் நம் மொழியிலேயே பேசி நம் பிள்ளைகளை இழுக்கின்றான். அவர்களைக் காக்க வேண்டிய சட்டமோ நமக்கு விளங்காத மொழியில் ஏட்டுக்குள் உறங்குகின்றது. கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் இன்று பெற்றோர் நெஞ்சை அரிக்கும் இச்சிக்கலை இவ்வொரு கோணத்திலிருந்து பார்ப்பது நம் கடனாகும்.

முதலில் சட்டம் என்ன சொல்கின்றது என்பதை அறிதல் வேண்டும். வெள்ளையர் ஆட்சியில், 1893-இல், கஞ்சாவை ஆராய ஓர் ஆணைக்குழு அமைக்கப்பெற்றது. அக்குழு நாடு முழுவதும் சுற்றி 1,193 பேரை உசாவி, 1894-இல் பெரிய அறிக்கை ஒன்றைத் தந்தது. அளவாகப் பயன்படுத்துவோர்க்குப் பெருங்கேடு இல்லை. அளவு மீறின் கேடு உண்டு. ஆகலின் முற்றும் தடுக்காது வரியாலும் கட்டுப்பாட்டாலும் அடக்குக என்பது அதன் முடிவு. அம்முடிவு வெள்ளையரின் வருமானத்திற்கும் பொருந்தியிருந்தது என்பதை மறத்தலாகாது.

தன்னாட்சி பெற்ற பின்னரும் நெடுநாள் அவ்வரி முறையே நீடித்தது. 1961-ஆம் ஆண்டின் உலக ஒப்பந்தத்தில் இந்திய அரசும் கையெழுத்திட்டது. அதன் பின் 1985-இல், தில்லி நாடாளுமன்றம் மயக்க மருந்து, உளந்திரிபுப் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்படி கஞ்சா என்பது பூவும் காயும் கொண்ட நுனி, பிசினும் குற்றப்பொருளே. நுனியொடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகா. அதனாற்றான் உத்தரப் பிரதேசத்திலும் இராசசுத்தானத்திலும் அரசின் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் இன்றும் நடக்கின்றன. ஒரே செடி, ஒரே மயக்கம், வடநாட்டான் விழாவில் இலையாக அரைத்துக் குடித்தால் அது பண்பாடு!

அதே சட்டம் மருத்துவத்திற்கும் அறிவியலாய்வுக்கும் விலக்களிக்கின்றது. அதன் 10-ஆம் பிரிவு, கஞ்சாச் செடியை வளர்க்க இசைவளித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநில அரசுகட்குத் தருகின்றது. 14-ஆம் பிரிவு நாருக்கும் விதைக்கும் வளர்க்க வழி விடுகின்றது. இவற்றைக் கொண்டு உத்தரகண்டம் 2018-இல் நார்க்கஞ்சா வளர்ப்புக்கு உரிமம் தந்தது. இமாசலப் பேரவை 2024-இல், மருந்துக்கும் தொழிலுக்கும் கட்டுப்பாட்டோடு வளர்க்கலாம் என்னும் அறிக்கையை ஏற்றது. 2020-ஆம் ஆண்டு கடைசித் திங்களில் ஒன்றிய நாடுகள் அவையின் மயக்கப்பொருள் ஆணையம், மிகக் கொடியவற்றின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க வாக்கெடுத்தபோது, 27 நாடுகள் ஏற்றன. 25 நாடுகள் மறுத்தன. ஏற்ற நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. வெளியூரில் கஞ்சாவுக்கு மருத்துவப் பயன் உண்டு என்று கைதூக்கிய தில்லி, அக்கருத்தை இங்குள்ள பள்ளிப் பிள்ளைக்கும் பெற்றோர்க்கும் விளங்கச் சொல்ல ஒரு முயற்சியும் செய்ததில்லை.

இங்கு ஒரு கேள்வி எழும். "மருந்து என்று கதவைத் திறந்துவிட்டால், பிள்ளைகள் அவ்வழியே நுழைந்துவிட மாட்டார்களா?" இது பொருளுள்ள அச்சம், புறந்தள்ளத் தக்கதன்று. இதற்கு விடைகாண உலகில் நடந்ததைப் பார்த்தல் வேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா 1996-இல் மருந்துக் கஞ்சாவுக்கு முதன்முதல் இசைவளித்தது. அடுத்தடுத்துப் பல மாநிலங்கள் அவ்வழியே சென்றன. 1991 முதல் 2014 வரை 24 ஆண்டுகளில், பத்து இலக்கத்திற்கும் மேற்பட்ட பள்ளி மாணவரிடம் கேட்டறிந்த விடைகளைத் தொகுத்து ஆய்ந்து, 2015-இல் ஒரு முடிவு வெளியிடப்பெற்றது. மருந்துக்கு இசைவளித்த மாநிலங்களில் மாணவரிடையே கஞ்சாப் பழக்கம் கூடுதலாகவே இருந்தது. ஆனால் அச்சட்டம் வருமுன்னரும் அங்கு அஃது அவ்வாறே இருந்தது. சட்டம் வந்தமையால் அது பெருகவில்லை என்பதே அம்முடிவு. நோயாளிக்குத் தரும் மருந்தன்று, ஊரில் ஏற்கெனவே ஊறிக்கிடக்கும் பழக்கமே பிள்ளையைப் பிடிக்கின்றது என்பது இதனாற் புலனாகும்.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. தாய்லாந்து 2018-இல் மருந்துக்கு மட்டும் இசைவளித்தது. 2022-இல் செடியையே மயக்கப்பொருட் பட்டியலிலிருந்து நீக்கியது. கட்டுப்படுத்தும் முழுச் சட்டம் வருமுன் கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. 20 அகவைக்குக் கீழ்ப்பட்டோர்க்கு விற்கலாகாது என்று பின்னர்த் தடுத்தனர். பாங்காக்கு மாநகரப் பள்ளிகளைக் கஞ்சா நுழையாத இடங்கள் என்று அறிவிக்க நேர்ந்தது. இறுதியில் 2025-இல், மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று மீண்டும் கட்டினர். மருத்துவர் கையிலிருக்கும் மருந்து வேறு. மூலைக்கு மூலை கடையிலிருக்கும் சரக்கு வேறு. முன்னதால் பிள்ளைகள் கெடவில்லை, பின்னதால் கெடுவர். இவ்வேறுபாட்டைக் காணாமல், 'எல்லாம் மருந்தே' என்று கூவுவாரும் தவறுகின்றனர். 'எல்லாம் நஞ்சே' என்று கூவுவாரும் தவறுகின்றனர்.

கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள், குழந்தைகட்கு வரும் கொடிய வலிப்பு நோய்க்கு மருந்தாக 2018-இல் அமெரிக்க அரசால் ஏற்கப்பெற்றது. இஃது உண்மை. கஞ்சாவைப் பயன்படுத்துவோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகின்றனர் என்றும், பதின்ம அகவையிலேயே தொடங்கினோருள் ஆறில் ஒருவர் அடிமையாகின்றனர் என்றும் அந்நாட்டு ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். இதுவும் உண்மை. மூளை இருபத்தைந்து அகவை அளவும் வளர்ந்துகொண்டிருக்கின்றது. வளரும் மூளையில் நாள்தோறும் கஞ்சாப் புகையை ஏற்றுவது நினைவாற்றலைக் குறைக்கும். மரபுவழி நோய்க்கூறு உடையார்க்கு மனப்பிளவு நோயையும் கிளறிவிடும். இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே சொல்லும் துணிவும் மொழியும் நமக்கு வேண்டும். பாதியை மறைத்து அச்சுறுத்தினால், மறைத்த பாதியைத் தெருவிற் கேட்டறிந்த பிள்ளை, நாம் சொன்ன பாதியையும் பொய்யென்று எறிந்துவிடுவான்.

இனிக் கொங்கு நாட்டுக்கு வருவோம். இங்குப் பிடிபடும் கஞ்சாவிற் பெரும்பகுதி கொங்கு மண்ணில் விளைந்ததன்று. ஆந்திர-ஒடிய எல்லை மலைகளில், விசாகப்பட்டினத்திற்கு மேற்கேயுள்ள காடுகளில் விளைவது. அங்கு 2021-இன் இறுதியில் ஆந்திரக் காவல்துறை 7,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பயிரை அழித்தது. எனினும் வரத்து நின்றபாடில்லை. விசாகப்பட்டினம் வழியாகக் காட்பாடி, சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை என்று வரும் தன்பாது–ஆலப்புழை விரைவுத் தொடர்வண்டியில், உரியவர் இல்லாத பைகளில் கஞ்சாவைக் கண்டெடுப்பது இருப்புவழிக் காவலர்க்கு வாடிக்கையான வேலையாகிவிட்டது. வாளையாற்றைக் கடந்து மலையாள நாட்டிற்குச் செல்வதும் இவ்வழியேதான். வழியில் நிற்கும் ஊருக்குப் பங்கு கிடையாமற் போகுமா?

கோவையைச் சுற்றிச் சரவணம்பட்டியிலும் குனியமுத்தூரிலும் பீளமேட்டிலும் கல்லூரிகளும் விடுதிகளும் அடர்ந்துள்ளன. பெற்றோர் கண்ணுக்கு அப்பால், கையிற் சிறிது பணமும், தனி அறையும், தேர்வின் நெருக்கடியும் உள்ள பதினெட்டு அகவை இளைஞனே விற்பவனுக்கு எளிய இலக்கு. திருப்பூரிலோ, பள்ளியை இடையில் நிறுத்திப் பின்னலாடைத் தொழிலுக்கு வந்த பிள்ளை இரவு வேலையின் சோர்வுக்கு இதனைப் பற்றுகின்றான். நடுவண் அரசின் பொறுப்பில் மருத்துவ வல்லுநர் நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதும் 10 முதல் 17 அகவைக்குட்பட்ட சிறாருள் ஏறத்தாழ 20 இலக்கம் பேர் கஞ்சா முதலியவற்றைப் பயன்படுத்துகின்றனர். இதனைப் பிறர் வீட்டுச் செய்தி என்று எண்ணுவாரை என்னென்பது?

கஞ்சாவுக்குக் கெடுபிடி வரும்போது வேறொரு கேடு தலைநீட்டுகின்றது. கடும் வலிக்கென மருத்துவர் சீட்டின்பேரில் மட்டும் விற்க வேண்டிய தபென்டடால் என்னும் மாத்திரையை, வெளிமாநிலங்களிலிருந்து மறைவாகத் தருவித்து, நீரிற் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்ளும் இளைஞரும், அதனை விற்போரும் கோவையில் மீண்டும் மீண்டும் பிடிபடுகின்றனர். இது கஞ்சாவினும் கொடிது, மூச்சையே நிறுத்தவல்லது. இம்மாத்திரை சட்டப்படி மருந்து. கஞ்சாவோ சட்டப்படி குற்றம். மருந்தென்று பெயர் பெற்றதும் பிள்ளையைக் கொல்கின்றது. குற்றமென்று பெயர் பெற்றதும் பிள்ளையைக் கெடுக்கின்றது. ஆகவே பெயரை மாற்றுவதால் மட்டும் பிள்ளை பிழைக்கப் போவதில்லை. காவலும் கண்காணிப்பும் அறிவூட்டலுமே அவனைக் காக்கும்.

சரி, ஓர் இளைஞன் ஒரு பொட்டலத்துடன் பிடிபடுகின்றான் என்று கொள்வோம். சட்டம் ஒரு கிலோ வரையுள்ள கஞ்சாவைச் 'சிற்றளவு' என்கின்றது. பத்துக் கிராம் வைத்திருக்கும் மாணவனும், ஒவ்வொரு முறையும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே சுமந்து பிழைக்கும் விற்பனையாளனும் ஒரே தட்டில்! இருவர்க்கும் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 உருபா வரை தண்டம், அல்லது இரண்டும். புகைத்த குற்றத்திற்கு மட்டுமாயின் ஆறு திங்கள் வரை சிறை, அல்லது அதே தண்டம், அல்லது இரண்டும். பதினெட்டு நிரம்பாதவனாயின் சிறார் நயன்மைக் குழுமத்தின் முன் செல்வான். அவன் எதிர்கால வாய்ப்புகளை அவ்வழக்கு கெடுக்கலாகாது என்று 2015-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் காக்கின்றது. பதினெட்டு நிரம்பி ஒரு கிழமை ஆனவனுக்கோ அக்காப்பு இல்லை. அவன் கடவுச்சீட்டுக்கும் அரசு வேலைக்கும் அவ்வழக்கு முட்டுக்கட்டையாய் நிற்கும்.

ஆனால் இச்சட்டத்திலேயே வேறொரு கதவும் உண்டு. 64-அ என்னும் பிரிவின்படி, சிற்றளவு வைத்திருந்த குற்றத்திற்கோ புகைத்த குற்றத்திற்கோ ஆளான அடிமைப்பட்ட ஒருவன், தானே முன்வந்து, அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்பளித்த நிலையத்திலோ மருத்துவம் பெற்று அதனை முடிப்பானாயின், அவ்வழக்கிலிருந்து விடுபடுவான். 39-ஆம் பிரிவின்படி, குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும், தண்டிப்பதற்கு மாறாக அவனை மருத்துவத்திற்கு விடுக்க அறமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. சிறார்க்கு மயக்கப்பொருள் கொடுப்பவனையும், சிறாரைக் கொண்டு அதனை விற்பவனையும், சிறார் சட்டத்தின் 77, 78-ஆம் பிரிவுகள் ஏழாண்டு வரை சிறையிலிட வழிசெய்கின்றன. நோயாளிப் பிள்ளைக்கு மருத்துவமனை. பிள்ளையைக் கெடுத்தவனுக்குச் சிறை. சட்டத்தின் உயிர் இதுவே. இதனை அறிந்த பெற்றோர் கொங்கு நாட்டில் எத்தனை பேர்?

அறியாமையொடு மானமும் சேர்ந்துகொள்கின்றது. கொங்குக் குடும்பங்களில் பிள்ளை கெட்டான் என்னும் சொல் ஊரில் பரவுவதைக் காட்டிலும் வேறு இழிவு இல்லை. ஆகலின் பிள்ளையை அடித்துப் பூட்டி வைப்பர்; அல்லது தொலைவிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்புவர்; அல்லது விரைந்து ஒரு திருமணத்தை முடித்துவைப்பர். மருத்துவரிடம் மட்டும் அழைத்துச் செல்லார். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்லும் நாம், மூளை நோய்க்கு மட்டும் கதவடைத்துக்கொள்வதேன்? பெற்றோரே, உங்கள் மானத்தைக் காப்பதாக எண்ணி உங்கள் மகனை இழக்காதீர்கள்!

மொழி இங்குதான் வேலை செய்ய வேண்டும். நடுவண் அரசு 2020-இல் தொடங்கிய மயக்கப்பொருள் ஒழிப்பு இயக்கத்தின் பெயர் 'நசா முக்த்து பாரத்து அபியான்'. இப்பெயரைச் சூலூரில் உள்ள ஒரு தாயிடம் சொல்லிப் பாருங்கள். ஏதோ வடநாட்டுக் கடையின் பெயர் என்று எண்ணுவாள். அவ்வியக்கத்தின் 14446 என்னும் இலவயத் தொலைப்பேசி எண் அவளுக்குத் தேவையான எண். அதனைச் சுமந்துவரும் பெயரோ அவளுக்கு வேண்டாத பெயர். இதற்கு மாறாக, 2022-இல் கோவை மாநகரக் காவல்துறை கல்லூரி மாணவியர்க்கெனப் பெண்காவலரை அமர்த்தி அதற்குப் 'போலீசு அக்கா' என்று பெயரிட்டது. முதற்சொல் அயற்சொல்லே, ஆயினும் இரண்டாம் சொல் உறவுச் சொல். அதிகாரியிடம் வாய் திறவாத பெண், அக்காவிடம் திறப்பாள். தமிழக அரசு 2025-இல் அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய மீட்பு நிலையங்கட்குக் 'கலங்கரை' என்று பெயர் சூட்டியது. இருளில் கரை காட்டுவது என்னும் பொருள் எந்தத் தாய்க்கும் விளங்கும். பெயர் தமிழானதும் பொருள் விளங்கிவிடுகின்றது; பொருள் விளங்கியதும் மக்கள் வருகின்றனர்.

அரசின் இரட்டை நாக்கையும் சொல்லாமல் விடுதற்கில்லை. ஈரோட்டுப் பெரியார் 1921-இல் கள்ளுக்குத் துணைபோகாமைப்பொருட்டுத் தம் தோப்பிலிருந்த 500-க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மையாரும் கள்ளுக்கடை முன் மறியல் செய்தனர். 1937-இல் குடிவிலக்கு முதன்முதல் நடைமுறைக்கு வந்ததும் பக்கத்துச் சேலம் மாவட்டத்திற்றான். அம்மண்ணில் 2003 முதல் அரசே சில்லறை மதுக்கடை நடத்துகின்றது. காலையில் மாணவரை நிறுத்தி மயக்கப்பொருளைத் தொடேன் என்று உறுதிமொழி வாங்கும் அரசு, நண்பகலில் டாசுமாக்குக் கடையைத் திறந்து வைப்பின், அவ்வுறுதிமொழிக்கு மாணவன் என்ன மதிப்புத் தருவான்? 21 அகவை நிரம்பாதவர்க்கு விற்பதில்லை என்னும் விதியையேனும் அக்கடைகள் மெய்யாகக் காத்தல் வேண்டாவா?

ஆகவே நாம் வேண்டுவன இவை:

ஒன்று. 161-ஆம் விதி திருத்தப்பெற்று, தமிழ்நாட்டில் விற்கும் சித்த மருந்துகளில் எச்சரிக்கை தமிழில் இருத்தல் வேண்டும். அதுவரை மருந்து செய்வோர் தாமே தமிழிலும் பொறிக்கலாம். அதற்கு எவ்விதியும் குறுக்கே நில்லாது.

இரண்டு. 64-அ, 39 ஆகிய பிரிவுகளின் பொருளை எளிய தமிழில் எழுதி, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கல்லூரி விடுதியிலும் ஆலை வாயிலிலும் வைத்தல் வேண்டும். முதன்முறை பிடிபட்ட இளைஞனிடம் இதனைச் சொல்வது காவலரின் கடமையாக்கப்பெறல் வேண்டும்.

மூன்று. சிற்றளவு என்னும் ஒரே கூட்டுக்குள் புகைப்பவனையும் விற்பவனையும் அடைக்கும் முறை மாறுதல் வேண்டும்.

நான்கு. கஞ்சாவின் மருத்துவப் பயனைச் சித்த மருத்துவ ஆய்வு நிலையங்கள் காவலுடனும் கட்டுப்பாட்டுடனும் ஆய்தல் வேண்டும். 10-ஆம் பிரிவு தரும் அதிகாரத்தைத் தமிழக அரசு அதற்கு மட்டும் பயன்படுத்துக. கடைத் தெருவுக்கு ஒருபோதும் திறவாதிருக்க.

தமிழிளைஞனே! உன்னைக் கெடுக்க வருபவன் உன் மொழியில் உன்னைத் தோழன் என்று அழைக்கின்றான். அவன் உன் தோழன் அல்லன்; உன் அறிவை விலைக்கு வாங்குபவன். மயங்கிக் கிடக்கும் இனம் தன் மொழியையும் காவாது, தன் மண்ணையும் காவாது. ஏற்கெனவே அகப்பட்டிருப்பாயாயின் அஞ்சாதே; உனக்குச் சட்டத்தில் வழியுண்டு; மருத்துவமனையில் இடமுண்டு. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ இன்றே வாய்திறந்து சொல். அவ்வாறு சொல்ல வருபவனைக் குற்றவாளி என்று விரட்டாமல், நம் பிள்ளை என்று கைப்பற்றி அழைத்துச் செல்வது ஊரின் கடமை. அக்கடமையைக் கொங்கு நாடு முதலிற் செய்து காட்டட்டும்!